பிரசவ வார்டு வாசலில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாமே இன்று மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அந்த விகிதத்தை 99.6 விழுக்காடு என்கிறது. இந்திய அளவில் அது 88.6. இரண்டு தலைமுறைக்கு முன்பு வீட்டின் பின்கட்டில் நடந்த காரியம் முழுவதுமாக இடம் பெயர்ந்துவிட்டது. அம்மா, மாமியார், அத்தை, சித்தி, அக்கா, கணவர், கணவரின் தம்பி என்று அதைச் சுற்றி நின்றவர்களும் கூடவே பெயர்ந்து வந்தார்கள். மருத்துவமனைக் கட்டடங்கள் அவர்களை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. அதனால் லேபர் வார்டு வாசலில் நாள் தவறாமல் ஒரு வாக்குவாதம். ஒரு பக்கம் வாட்ச்மேன், இன்னொரு பக்கம் தூக்குவாளியும் துணிமூட்டையுமாக உறவினர்கள்.

"எத்தனை பேரை உள்ளே விடலாம்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு எண்ணைச் சொல்கிறது. சில இடங்களில் யாரும் கூடாது, சில இடங்களில் ஒருவர், கட்டணம் கூடிய தனியார் அறைகளில் கணக்கே இல்லை. இந்த எண்கள் எதன் அடிப்படையில் வந்தன, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, விதி எங்கே எழுதப்பட்டு எங்கே உடைகிறது என்று தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பிரசவ அறையில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவரையும், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவரையும் ஒரே கணக்கில் சேர்த்து எண்ணுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. முதலாமவர் சிகிச்சையின் ஒரு பகுதி, இரண்டாமவர் விருந்தாளி. கட்டுப்பாடு இரண்டாமவருக்கு உரியது. நடைமுறையில் அது பெரும்பாலும் முதலாமவர் மீதுதான் விழுகிறது.

கதவு மூடிய வரலாறு

பிரசவ மருத்துவமனைகள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தொற்று. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பிரசவ விடுதிகளில் பிரசவக் காய்ச்சல் கொத்துக் கொத்தாகப் பெண்களைக் கொன்றது உண்மை. ஆனால் அந்தத் தொற்று யார் கையில் வந்தது என்பதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரிவில், மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த இடத்தில், 1846இல் தாய்மார்களில் 11 விழுக்காட்டுக்கு மேல் இறந்தார்கள். தாதிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் அது மூன்றுக்கும் குறைவு. பிணக்கூறு ஆய்வு முடித்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று கண்ட இக்னாஸ் செம்மல்வைஸ், 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். 1848இல் முதல் பிரிவின் இறப்பு விகிதம் 1.3 விழுக்காட்டுக்கு இறங்கியது. தொற்றைக் கொண்டுவந்தவர்கள் உறவினர்கள் அல்லர், வைத்தியம் பார்த்தவர்கள்.

ஆனாலும் அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் கிருமிநீக்கம் என்ற பெயரில் வெளியேற்றப்பட்டவர்கள் உறவினர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மருத்துவமனைகளில் பெண் மயக்கத்தில் பிரசவித்தாள். கணவர் காத்திருப்புக் கூடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். இதை எதிர்த்து எழுந்த இயற்கைப் பிரசவ இயக்கம் 1960, 70களில் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தது. சுலபமாகத் திறக்கவில்லை. இந்தியானா மாநிலத்தில் ஒரு பொது மருத்துவமனை கணவர்களைப் பிரசவ அறைக்குள் விட மறுத்ததை எதிர்த்துச் சில தம்பதிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1975இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கணவர் உடனிருப்பதை அரசியல் சட்ட உரிமையாக ஏற்க முடியாது, அது மருத்துவமனை முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றது. தீர்ப்பை எழுதியவர், அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஜான் பால் ஸ்டீவன்ஸ். கதவைத் திறந்தது நீதிமன்றமல்ல, தாய்மார்களின் வற்புறுத்தலும் மருத்துவமனைகளுக்கு இடையிலான போட்டியும்தான்.

சென்னையில் கதை வேறு மாதிரி. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. ஆண் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு வர மறுத்த பெண்களுக்காக, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி ஷார்லீப் 1885இல் தனி மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனை அதுதான். பழைய சென்னைக்காரர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். பெண்களை மருத்துவமனைக்கு வரவழைக்க ஆண்களை விலக்கியாக வேண்டியிருந்தது. பெரிய பொதுக்கூடங்களாக அமைந்த நம் லேபர் வார்டுகளில் 'ஆண்கள் உள்ளே வரக்கூடாது' என்ற பலகை இன்றும் தொங்குவதற்குத் தொற்றைவிட இந்த மறைவுத் தேவையே நெருங்கிய காரணம்.

நம் வீடுகளிலும் பிரசவத்துக்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு இருந்ததை மறந்துவிடக் கூடாது. தீட்டு என்று சொல்லி பதினோரு நாளோ பதினாறு நாளோ தாயையும் குழந்தையையும் தனியே வைத்தார்கள். அந்த எண்ணம் பெண்ணை ஒதுக்கியது. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, பச்சிளம் குழந்தையைத் தொடும் கைகள் குறைவாக இருந்தன. இன்று அதே உறவினர்கள், அதே குழந்தையைப் பிறந்த சில மணி நேரத்தில் ஆளாளுக்குத் தூக்கிப் பார்க்கிறார்கள். தீட்டு போனதில் நல்லது நடந்தது. அது செய்துவந்த ஒரு வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

துணை என்ன செய்கிறது?

துணையின் பயனை முதலில் அளந்து காட்டிய ஆய்வுகளில் ஒன்று குவாதமாலாவிலிருந்து வந்தது. 1980இல் வெளியான அந்த ஆய்வில், கூட்டம் மிகுந்த ஒரு மருத்துவமனையில் தனியாக வலியெடுத்துக் கிடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்தார்கள். அவர் செய்ததெல்லாம் முதுகைத் தடவிவிடுவது, கையைப் பிடித்துக்கொள்வது, பேச்சுக் கொடுப்பது. சிக்கலின்றிப் பிரசவித்தவர்களில் துணை இருந்தோருக்குப் பிரசவ நேரம் சராசரி 8.8 மணி, துணை இல்லாதோருக்கு 19.3 மணி. அதே குழுவினர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 412 பெண்களிடம் மீண்டும் சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். துணை இருந்தவர்களில் சிசேரியன் 8 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 18. மூன்றாவதாக ஒரு குழு இருந்தது: அறையில் ஓர் ஆள் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் 13. வெறுமனே ஒருவர் இருப்பதே எண்களை அசைத்தது என்பதுதான் அந்த ஆய்வின் விசித்திரமான முடிவு.

இவற்றுக்குப் பின் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. 17 நாடுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பிரசவ நேரம் சராசரியாக முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் சோர்ந்து காணப்படும் குழந்தைகள் குறைகிறார்கள். பிரசவத்தைக் கசப்பாக நினைவுகொள்ளும் தாய்மார்களும் குறைகிறார்கள். தீங்கு எதுவும் தென்படவில்லை. ஆதாரத்தின் தரம் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. யாருக்குத் துணை இருக்கிறது என்பதை மறைத்துச் சோதிக்க வழியில்லை, நாடுகளும் நடைமுறைகளும் வேறு வேறு. பயிற்சி பெற்ற துணையிடம் சிசேரியன் குறைவு கூடுதலாகத் தெரிந்ததும் கவனிக்கத்தக்கது. ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத வேறொரு வழி இவ்வளவு பயன் தருவதாக மகப்பேறு மருத்துவத்தில் சொல்வது கடினம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், பெண் தானே தேர்ந்த துணை எல்லாப் பெண்களுக்கும் இருக்க வேண்டும் என்றது.

துணைக்கு இன்னொரு பயன் உண்டு. அதைப் பற்றி மருத்துவமனைகள் பேசத் தயங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை நேரில் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட பெண்கள் திட்டையோ அடியையோ இழிவையோ சந்தித்திருந்தார்கள். துணையில்லாத பெண்களிடம் இத்தகைய நடத்தை கூடுதல் என்று அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. நம் ஊர் லேபர் வார்டில் பிரசவித்த எந்த அம்மாவைக் கேட்டாலும், வலியில் கத்தியபோது காதில் விழுந்த ஏச்சு ஒன்றாவது நினைவிருக்கும். பக்கத்தில் சொந்தக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அந்த வாய் கொஞ்சம் அடங்கும். வாசலில் துணையை நிறுத்தும் விதி இந்தக் கண்ணையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது.

கூட்டம் என்ன செய்கிறது?

இதனால் கதவைத் திறந்து போடலாம் என்று ஆகிவிடாது. கூட்டத்தின் தீங்கும் உண்மையானது. ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொற்றைப் பற்றி நாம் நினைப்பதைவிட ஆதாரம் பலவீனம். பிரசவ வார்டில் இதை நேரடியாகச் சோதித்தவை குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து சில குறிப்புகள் கிடைக்கின்றன. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஓர் இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர் கட்டுப்பாட்டை மாறி மாறித் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். தளர்த்தியபோது சுற்றுப்புறத்தில் கிருமிகள் கூடின. நோயாளிகளின் தொற்று கூடவில்லை. இதயச் சிக்கல்கள் குறைந்தன. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2019இல் வெளியான பெரிய சோதனையிலும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உறவினரை அனுமதித்ததால் தொற்று உயரவில்லை. பெரியவர்களுக்குப் பொருந்துவது பச்சிளம் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. சளி, இருமலோடு வரும் ஒருவரிடமிருந்து தொற்றும் சுவாச நோய் பெரியவருக்கு மூன்று நாள் தொந்தரவு. பிறந்த குழந்தைக்கு உயிராபத்தாகலாம். ஆகவே எண்ணிக்கையைவிட, வருபவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா, கை கழுவினாரா, குழந்தையைத் தூக்குகிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தொற்றைவிடப் பேசப்படாத இழப்பு தாய்ப்பால். பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தை தாயின் மார்போடு கிடந்து சீம்பால் குடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பரிந்துரை. அதே 2019–21 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கிடைத்த குழந்தைகள் 41.8 விழுக்காடுதான். இதற்குச் சிசேரியன் முதல் பணியாளர் பற்றாக்குறை வரை பல காரணங்கள். ஆனால் வார்டின் நிலையும் ஒன்று. கட்டிலைச் சுற்றி மாமனாரும் கொழுந்தனாரும் நிற்கும்போது தையல் வலியோடு இருக்கும் பெண் மாரை அவிழ்த்துக் குழந்தையை அணைத்துக்கொள்ள மாட்டாள். "பால் இன்னும் ஊறலைபோல" என்று யாரோ சொல்ல, சேனை வைக்கிறேன் என்று இன்னொருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பதும் இந்த நேரத்தில்தான்.

அடுத்தது அந்தரங்கம். பொது வார்டில் ஒரு பெண்ணுக்கு வரும் மூன்று விருந்தாளிகள் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மூன்று அந்நியர்கள். அவளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. குழந்தைக் கடத்தலும் வெறும் கற்பனை பயம் அல்ல. தமிழக அரசு மருத்துவமனைகளில் நடந்திருக்கிறது. உதவி செய்வதுபோல் பழகிக் குழந்தையை வாங்கிக்கொண்டு போவதே வழக்கமான முறை. யார் எந்தக் கட்டிலுக்கு உரியவர் என்று தெரியாத கூட்டமே அதற்குத் தோது. கடைசியாக, நெருக்கடி நேரம். ரத்தப்போக்கு பெருகித் தாய் சரியும்போது மருத்துவரும் செவிலியரும் ஓட வழி வேண்டும். மரணம் நேர்ந்துவிட்டால் கூட்டம் பணியாளர்கள் மீது பாய்ந்த சம்பவங்களும் உண்டு; மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு செவிலியர் கூட்டத்தைக் கண்டு அஞ்சுவதை அதிகாரத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தத் தீங்குகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அனேகமாக எல்லாமே பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில், பார்க்க வருபவர்களால் நிகழ்பவை. வலி நேரத்தில் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் ஒருத்தியால் நிகழ்பவை அல்ல.

கொரோனா நடத்திய சோதனை

2020 மார்ச்சில் நியூயார்க் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பிரசவ அறையில் கணவர் உட்பட யாரும் கூடாது என்றன. நோய் பரவிய வேகத்தில் அது இயல்பான முடிவாகத்தான் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பி ஒரு வாரம் ஆவதற்குள், மார்ச் 28 அன்று ஆளுநரின் ஆணை வந்தது: பிரசவிக்கும் பெண்ணுக்கு ஒரு துணையை மாநிலத்தின் எல்லா மருத்துவமனைகளும் அனுமதிக்க வேண்டும். பிரிட்டனில் பல மருத்துவமனைகள் துணையைப் பிரசவத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வரவிட்டன. ஸ்கேன் அறையில் கெட்ட செய்தியைத் தனியாகக் கேட்ட பெண்களின் அனுபவங்கள் வெளியாகிப் பெரும் மனக்கசப்பை உண்டாக்கின. டிசம்பரில் தேசிய சுகாதாரச் சேவை, துணைவர் பேறுகாலக் கவனிப்பின் எல்லாக் கட்டத்திலும் இருக்கலாம் என்று வழிகாட்டியது. உலக சுகாதார நிறுவனமும் தொற்றுக் காலத்தில்கூடத் துணையை விலக்கக் கூடாது என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை.

நூறாண்டில் கண்டிராத தொற்றிலும் மருத்துவமனைகள் வந்துசேர்ந்த சமரசம் இதுதான்: விருந்தாளி பூஜ்யம், துணை ஒன்று. இரண்டையும் பிரிக்க முடியும் என்பது அந்த நாட்களில் நிரூபணமானது. தொற்று தணிந்த பிறகு பிரிட்டனில் பிரசவ அறைக்குப் பெரும்பாலும் இருவர் வரை என்ற பழைய வழக்கம் திரும்பியது. நம்மூரிலோ கொரோனாக் காலத்தில் போட்ட பூட்டு சில வார்டுகளில் வசதியாகிப்போனது.

எழுதிய விதியும் வாசல் விதியும்

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 2000களின் நடுப்பகுதியிலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் தந்தது. அதன்படி துணையாக வருபவர் பிரசவ அனுபவம் உள்ள பெண் உறவினராக இருக்க வேண்டும். தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை வேண்டும். பிரசவம் முடியும் வரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும். சிகிச்சையில் தலையிடக் கூடாது. அறையில் உள்ள மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. மறைவு உறுதியாக இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். 2017 டிசம்பரில் வந்த 'லக்ஷ்யா' திட்டம், பிரசவ அறைகளுக்குத் தரச்சான்று வழங்கும்போது மறைவையும் துணையையும் மதிப்பெண்ணுக்கு உரியவையாக்கியது.

காகிதத்தில் இது நல்ல விதி. வாசலில் அது பல விதமாக மாறுகிறது. பிரசவம் குறைவான ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா தடையின்றி உள்ளே போகிறார். நாளுக்குப் பல பிரசவம் பார்க்கும் பெரிய மருத்துவமனையில், அடுத்தடுத்துப் போட்ட மேசைகளுக்கு நடுவே துணை நிற்க இடமே இல்லை. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திரை தொங்கும். சட்டமே இருந்தும் வாசல் வெல்வது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. பிரேசில் 2005இல், பொது மருத்துவமனைகளில் பிரசவிக்கும் பெண் தான் விரும்பும் ஒருவரை வலி தொடங்கியது முதல் பிரசவத்துக்குப் பிறகு வரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. ஆறேழு ஆண்டுகள் கழித்து நடந்த தேசிய ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்குத் துணையே இருக்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை துணை இருந்தது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

இந்திய விதியில் இரண்டு ஓட்டைகளும் உண்டு. ஒன்று, சிசேரியன். 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தன; அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குத் துணை என்ற ஏற்பாடு ஆபரேஷன் தியேட்டர் கதவோடு முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் முதுகுத் தண்டு ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் துணைவர் தொப்பியும் கவுனும் அணிந்து தலைமாட்டில் உட்காருவது வழக்கம். இங்கே விழித்திருக்கும் பெண் திரைக்கு அப்பால் மருத்துவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு தனியே கிடக்கிறாள். இன்னொன்று, தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 'பெண் தேர்ந்த துணை' என்கிறது. நம் விதி 'அனுபவமுள்ள பெண் உறவினர்' என்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்பதால் அம்மா வருவார், நல்லது. அம்மா இல்லாத பெண்? வீட்டை எதிர்த்து மணந்தவள்? வேலைக்காக வந்து திருப்பூரிலும் ஓசூரிலும் கணவனைத் தவிர யாருமில்லாமல் வாழும் ஜார்க்கண்ட், பீகார் பெண்? மறைவு இல்லாத வார்டில் அவர்களுக்கு அந்த விதி, துணை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

கூட்டம் ஏன் சேர்கிறது?

பத்துப் பேர் வருவதைப் பாசம் என்றும் அறியாமை என்றும் சொல்லிவிட்டுப் போவது எளிது. வார்டு வாசலில் அரை நாள் நின்று பார்த்தால் வேறு காரணங்கள் தெரியும். ஒருவர் வெளிக் கடைக்கு மருந்துச் சீட்டோடு ஓட வேண்டும். ஒருவர் ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரத்தம் தேவைப்பட்டால் ஈடு கொடுக்க இருவர் வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஒருவர், வெந்நீருக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, போக்குவரத்து எல்லாமே தாய்க்கு இலவசம். அவை தட்டில்லாமல் வந்தால் நாலு பேருக்கு வேலை இருக்காது. மருத்துவமனை தன் வேலையில் ஒரு பகுதியைச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் வந்து நிற்பதைக் குறை சொல்கிறது.

இரண்டாவது காரணம் தகவல். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை. எட்டு மணி நேரம் செய்தி இல்லையென்றால் கூட்டம் கதவை நெருங்கும். ஆளுக்கொரு கேள்வியோடு எட்டிப் பார்க்கும். அப்போது கதவைக் காப்பவருக்கு விலை பிறக்கிறது. குழந்தையைக் காட்ட இவ்வளவு, ஆண் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு என்ற வசூல் அரசு மருத்துவமனைகளின் பழைய வியாதி. நடவடிக்கைகள் எடுத்தும் முழுதும் ஒழியவில்லை. கட்டுப்பாட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அந்தக் கதவின் விலை ஏறும். கண்டிப்பான விதியும் கள்ளப் பணமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைக்கிறோம். வார்டு வாசலில் அவை கூட்டாளிகள்.

மூன்றாவது, குடும்ப மரியாதை. பார்க்க வராவிட்டால் "வந்துகூட எட்டிப் பாக்கலை" என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நிற்கும். சம்பந்தி வீட்டார் வந்தால் இவர்களும் வர வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு யாரும் வேண்டாம் என்றிருந்தாலும் மாமியாரிடம் அதை அவளால் சொல்ல முடியாது. இங்கேதான் மருத்துவமனையின் விதி அவளுக்கு உதவ முடியும். "சிஸ்டர் விட மாட்டேங்கறாங்க" என்ற ஒரு வாக்கியம் பெண்ணுக்குக் கிடைக்கும் நல்ல கவசம். விதி அவள் பக்கம் நிற்க வேண்டும் என்றால், யார் வரலாம் என்பதை முதலில் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணை எங்கே வைப்பது?

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரே எண் எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தாது என்பது தெரிகிறது. கட்டம் கட்டமாகப் பிரித்தால் விடை எளிதாகிறது.

வலி தொடங்கியதிலிருந்து பிரசவம் வரை ஒருவர். அவர் பார்வையாளர் கணக்கில் வரமாட்டார், பார்வை நேரக் கட்டுப்பாடும் அவருக்குக் கிடையாது. அவர் களைத்தால் மாற்றாள் ஒருவர். இரண்டு பெயர்களையும் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பெண்ணைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிப் பதிவு முறையில் ஓர் எண் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கே அது தேவை. அந்தப் பதிவில் துணையின் பெயருக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. வாசலில் இருப்பவர் உறவுமுறை கேட்டு விசாரணை நடத்தத் தேவையிருக்காது. பெயர் பார்த்தால் போதும். பணத்துக்கும் வழி அடைபடும்.

கணவர் வருவதற்குத் தடை அவரல்ல, கட்டடம். மேசைக்கு மேசை முழு உயரத் தடுப்பு இருந்தால் ஆண் துணையால் பக்கத்துப் பெண்ணுக்குச் சங்கடம் இல்லை. புதிதாகக் கட்டும் வார்டுகளில் வலி, பிரசவம், ஓய்வு மூன்றும் ஒரே தடுப்பறையில் நடக்கும்படி அமைப்பதுதான் இனி வர வேண்டிய முறை. பழைய கூடங்களில் அதுவரை பெண் துணை என்ற விதியே இருக்கலாம். ஆனால் வேறு யாருமற்ற பெண்ணுக்குக் கணவரோ, பணியில் உள்ள ஒரு பெண் ஊழியரோ துணையாக வாய்க்க வேண்டும்.

பிறந்த முதல் ஒரு மணி நேரம் தாய், குழந்தை, துணை தவிர யாரும் இல்லை. இதில் தளர்வே கூடாது. அதன்பின் பொது வார்டில் நாளுக்கு ஒன்றிரண்டு பார்வை நேரம், ஒரு கட்டிலுக்கு ஒரு சமயத்தில் இருவர், குழந்தையைத் தூக்காமல் பார்த்துவிட்டுப் போவது, காய்ச்சல் இருமல் உள்ளவர் வராமல் இருப்பது. பார்வை நேரம் முடிந்தால் தாய்மார்கள் தூங்கவும் பால் கொடுக்கவும் வார்டு அவர்களுடையது.

பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் விதி நேர்மாறாகத் திரும்ப வேண்டும். அங்கே இன்னமும் பல இடங்களில் தாயே பார்வையாளராக, நேரம் பார்த்து அனுமதிக்கப்படுகிறார். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான சோதனையில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு சேர்த்து, தாயைப் பிரிவுக்குள்ளேயே தங்க வைத்தபோது, 28 நாளுக்குள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது. கிருமி வரும் என்று வெளியே நிறுத்தப்பட்ட தாய் உள்ளே வந்ததும் பிழைத்த குழந்தைகள் அவை. மத்திய அரசும் 2017 முதல் பெற்றோரை இந்தப் பிரிவுகளின் கவனிப்பில் சேர்க்க வழிகாட்டியிருக்கிறது. இங்கே எண்ணிக்கைக் கேள்வி தாத்தா பாட்டிகளுக்கு எழலாம். பெற்றோருக்கு எழவே கூடாது.

இவை எதுவும் காத்திருப்புக் கூடம் இல்லாமல் நடக்காது. மின்விசிறி, குடிநீர், கழிப்பறை, உட்கார இடம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ வந்து ஒவ்வொரு பெண்ணின் குடும்பத்துக்கும் நிலைமை சொல்வது. தகவல் கிடைத்த கூட்டம் கதவை முட்டாது. மருந்தும் ரத்தமும் மருத்துவமனைக்குள்ளேயே நகர்ந்தால் கூட்டமே பாதியாகும். பூட்டும் வாட்ச்மேனும் இவற்றைவிட மலிவு என்பதால்தான் நாம் இதுவரை அவற்றை நம்பியிருக்கிறோம்.

ஒரு மருத்துவமனை தன் விதி சரியா என்று சோதிக்க வாசலில் தலைகளை எண்ண வேண்டியதில்லை. வீடு திரும்பும் தாயிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: வலி நேரத்தில் நீங்கள் விரும்பிய ஆள் கூட இருந்தாரா? விரும்பாத யாராவது உங்கள் கட்டில் அருகே வந்தார்களா? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்ற விடைகள் எத்தனை வருகின்றன என்பதை மாதந்தோறும் எழுதிவைத்தால், அந்த வார்டுக்கு ஏற்ற எண் தானாகத் தெரிந்துவிடும். தரச்சான்று கொடுக்க வரும் குழுக்களும் திரைச்சீலையை எண்ணுவதோடு இந்த விடைகளையும் கேட்டு வாங்க வேண்டும்.